வீட்டு பியருக்கு ஒரு பேட்ச் நோட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் வீட்டிலேயே பியர் போடுகிற நம் ஆட்களிடம் நல்ல பெரிய பானை இருக்கும், பிரீசரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ இருக்கும், ஆனால் போன தீபாவளிக்குப் போட்டீர்களே அந்த பேட்ச், அதை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் "வழக்கம் போலத்தான்" என்பார்கள். இங்கே இருப்பவை திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள். முழு தானியத்தில், அதாவது மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை இறக்கி (இதுதான் மேஷ்) போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. எக்ஸ்ட்ராக்ட் டின்னில் (கெட்டியான மால்ட் சாறு) போடுகிறவர்கள் மேஷ் பற்றி வருவதை மட்டும் தாண்டிப் போய்விடலாம்.

அம்மா தோசை மாவுக்கு நோட்டா போடுகிறார்? பியருக்கு மட்டும் எதற்கு?

அம்மா வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அரைக்கிறார். இரவில் கரைத்து வைத்தது பொங்கியதா இல்லையா என்று காலையில் தெரிந்துவிடும், அடுத்த தடவை உளுந்தைக் கூட்டிவிடுவார், கை பழகிவிடுகிறது. பியரில் நீங்கள் இன்று செய்தது நாக்குக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்குள் நடுவில் இன்னொரு பேட்ச் போட்டிருப்பீர்கள், இரண்டும் தலையில் கலந்துவிடும். மாதம் ஒரு தடவை செய்கிற வேலைக்குக் கைப்பழக்கத்தை நம்ப முடியாது, அவ்வளவுதான்.

சரி, என்னவெல்லாம் எழுத வேண்டும்?

எல்லாவற்றையும் எழுதப் போனால் நாலாவது பேட்சில் நோட்டை மூடி வைத்துவிடுவீர்கள். என் விதி ஒன்றுதான்: பிறகு எப்படியும் கண்டுபிடிக்க முடியாததை முதலில் எழுது. மால்ட் எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்பது ரசீதில் இருக்கும். மேஷ் பானைக்குள் முதல் பத்து நிமிடம் எத்தனை டிகிரி இருந்தது என்பது அந்தப் பத்து நிமிடம் போனால் போனதுதான். கொதிக்க ஆரம்பித்தபோது எத்தனை லிட்டர், முடிந்தபோது எத்தனை லிட்டர், ஈஸ்ட் போட்டபோது வோர்ட்டின் (நொதிக்கும் முன் இருக்கும் இனிப்புச் சாறு) சூடு என்ன, ஓ.ஜி. (நொதிக்கும் முன் அடர்த்தி) என்ன, எஃப்.ஜி. (நொதித்து முடிந்தபின் அடர்த்தி) என்ன, பாட்டிலில் அடைத்த அளவு, சர்க்கரை எத்தனை கிராம், குடித்தபோது எப்படி இருந்தது. இவை கட்டாயம். மற்றதெல்லாம் ஆசைக்கு.

ஒரு பேல் ஏல் பக்கம் இப்படி இருந்தால் போதும், அழகு வேண்டாம்:

"20 லிட்டர். பேல் மால்ட் 4.2 கிலோ, கிரிஸ்டல் 300 கிராம். மேஷ் 67 திட்டம். கலந்ததும் 65.5, அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி 66.5. ஒரு மணி நேரம் கழித்து 64. காஸ்கேட் 60 நிமிடத்தில் 30 கிராம், பாக்கெட்டில் ஆல்ஃபா (கசப்பு அமிலம்) 5.8. கடைசியில் 40 கிராம். குளிர்விக்க 50 நிமிடம், ஐஸ் தீர்ந்தது, 27-ல் ஈஸ்ட் போட்டேன். ஓ.ஜி. 1.050 (திருத்தியது). மூடி சரியாக உட்காரவில்லை, இரவு பார்த்து அழுத்திவிட்டேன்."

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். எந்த ஆப்பிலும் அதற்குக் கட்டம் கிடையாது. ஏர்லாக்கில் (வாயு வெளியேற மூடியில் செருகும் தண்ணீர்ப் பூட்டு) குமிழியே வரவில்லை என்று இரண்டாம் நாள் பதறும்போது காரணம் அந்த வரியில்தான் இருக்கும்.

ரெசிபியை அப்படியே ஆப்பில் சேமித்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

ரெசிபி என்பது நீங்கள் செய்ய நினைத்தது. நோட்டில் வர வேண்டியது நடந்தது. 67 டிகிரி என்று திட்டம் போட்டு 64-ல் மேஷ் செய்தால் ஒல்லியான, சர்க்கரை மிச்சமில்லாத பியர் வரும், ஏனென்றால் அந்தச் சூட்டில் பீட்டா அமிலேஸ் என்ற நொதி நன்றாக வேலை செய்து ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக உடைத்துத் தள்ளிவிடும். 70 பக்கம் போனால் அது சீக்கிரம் செத்துப்போய் ஆல்ஃபா அமிலேஸ் மட்டும் மிஞ்சும், பியர் கனமாக இருக்கும். ரெசிபியை மட்டும் வைத்திருப்பவர் அடுத்த தடவை மால்ட்டை மாற்றுவார். மாற்ற வேண்டியது மேஷ் தண்ணீரின் சூட்டைத்தான்.

திட்டம், நடந்தது என்று இரண்டு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு டிக் போதும்.

நம் ஊர் வெயிலில் எந்தச் சூட்டை எழுதுவது? அறையிலா, பக்கெட்டிலா?

பக்கெட்டில். கோலாலம்பூரிலும் சரி, பினாங்கிலும் சரி, வருடம் முழுக்க ராத்திரி 24, பகல் 32 என்று சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் "அறைச் சூடு" என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. அதற்கு மேல், ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். அறை 28 என்றால் பக்கெட்டுக்குள் 31, 32 என்று போவது சாதாரணம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய ரெசிபிகள் 18 டிகிரி நிலவறையை நினைத்து எழுதியவை, நம் அடுக்குமாடி ஸ்டோர் ரூமை அவர்கள் கனவிலும் பார்த்ததில்லை.

பக்கெட்டின் பக்கவாட்டில் ஒட்டுகிற திரவப் படிகத் தெர்மாமீட்டர் பட்டை மலிவானது, அது போதும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்துப் பழைய பிரிட்ஜில் போடுகிறவர்கள் சென்சாரைப் பக்கெட்டின் மேல் ஒட்டி, மேலே ஸ்பாஞ்சு வைத்துக் கட்டுங்கள். காற்றில் தொங்கவிட்டால் அது பிரிட்ஜின் சூட்டைச் சொல்லும், பியரின் சூட்டைச் சொல்லாது. தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸ் பாட்டில் மாற்றி மாற்றி வைப்பவர்கள் எத்தனை மணிக்கு மாற்றினீர்கள் என்று எழுத வேண்டாம், காலையும் இரவும் பட்டையைப் பார்த்து ஒரு எண், அது முதல் மூன்று நாளைக்கு. சுவை கெடுவது பெரும்பாலும் அந்த மூன்று நாளில்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் சூடானாலும் குடி முழுகிவிடாது.

இன்னொன்று, மறக்காமல் எழுத வேண்டியது ஈஸ்ட் போட்ட நேரத்துச் சூடு. நம் குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரியில் வருகிறது, வோர்ட்டைக் குளிர்விக்கும் செம்புக் குழாய்ச் சுருளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் வோர்ட் அதற்குக் கீழே இறங்காது, முப்பதைத் தாண்டித்தான் நிற்கும். ஐஸ் தண்ணீரைப் பம்ப் வைத்துச் சுற்றவிட்டால்தான் இறங்கும். பொறுமை இழந்து 33-ல் ஈஸ்ட் போட்ட பேட்சும் 22 வரை காத்திருந்து போட்ட பேட்சும் நோட்டில் ஒரே மாதிரி தெரிந்தால் அந்த நோட்டு எதற்கு?

ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவை) எண் எப்போதும் ரெசிபியை விடக் குறைவாகவே வருகிறது. என் மேஷ் மோசமா?

மோசமாக இருக்கலாம். அதற்கு முன் மாதிரியின் சூட்டைப் பாருங்கள். இப்போது விற்கிற ஹைட்ரோமீட்டர்களில் பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை, தாளிலேயே சின்னதாகப் போட்டிருக்கும்; சில பழைய மாடல்கள் 15.5 டிகிரி. 30 டிகிரி வோர்ட் லேசாக இருப்பதால் ஏறக்குறைய 0.003 குறைத்துக் காட்டும். 1.047 என்று காட்டினால் உண்மையில் 1.050 பக்கத்தில் இருக்கிறீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓ.ஜி.யையும் எஃப்.ஜி.யையும் இரண்டையுமே 30 டிகிரியில் எடுத்தால் ஆல்கஹால் கணக்கு கிட்டத்தட்ட சரியாகவே வரும், தப்பு தப்பைத் தின்றுவிடும். ஓ.ஜி.யைச் சூடாகவும் எஃப்.ஜி.யைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து 20 டிகிரியிலும் பார்ப்பவர்தான் ஏமாறுவார். கணக்கு இதுதான்: ஓ.ஜி.யிலிருந்து எஃப்.ஜி.யைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.050-லிருந்து 1.012 போனால் 0.038, அதாவது 5 சதவீதம். திருத்தாத 1.047-ஐ வைத்தால் 4.6 என்று வரும். ஆகவே காட்டிய எண், அப்போதைய சூடு, இரண்டையும் எழுதுங்கள். திருத்தம் பிறகு உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம், சூட்டை எழுதாமல் விட்டால் திருத்தவே வழியில்லை.

பார்க்கும் விதமும் முக்கியம். நொதித்துக்கொண்டிருக்கும் பியரில் வாயுக் குமிழிகள் கண்ணாடித் தண்டில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரோமீட்டரைத் தூக்கிப் பிடிக்கும். இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றி விடுங்கள், குமிழி உதிர்ந்து அது ஒரு கோடு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, ஓரத்தில் ஏறி நிற்கிற வளைவை விட்டுவிட்டு நடுமட்டத்தைப் படியுங்கள். கையில் போன் இருந்தால் ஒரு படம் எடுத்துவிடுங்கள், தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும்.

ரீஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) இருந்தால்?

நொதிக்கும் முன் அருமை, இரண்டு சொட்டு போதும். ஆல்கஹால் வந்த பிறகு அது காட்டுவதை அப்படியே எழுதாதீர்கள், ஆல்கஹால் ஒளியை வேறு மாதிரி வளைக்கும், எண் உண்மையை விட அதிகமாக இருக்கும். எந்தக் கருவியால் எடுத்தது என்று எண்ணுக்குப் பக்கத்தில் 'ஹை' அல்லது 'ரீ' என்று போட்டுவிடுங்கள்.

ஈஸ்ட் பற்றி என்ன குறிப்பது? பெயர் போதுமா?

பெயர், காலாவதித் தேதி, உங்கள் கைக்கு வந்த தேதி. கூரியர் வேனில் இரண்டு நாள் வெந்த திரவ ஈஸ்ட்டும் ஐஸ் பேக்கோடு வந்ததும் ஒன்றல்ல. உலர் ஈஸ்ட் கொஞ்சம் தாங்கும்.

எந்த ஈஸ்ட் எந்தச் சூட்டில் என்ன சுவை தந்தது என்பதுதான் நம் ஊரில் சேர்க்கக்கூடிய மிகப் பெரிய சொத்து என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதை வெளிநாட்டுப் பாக்கெட் நமக்குச் சொல்லாது. பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு நார்வேயின் குவைக் ஈஸ்ட் வகைகள் ஒரு வரம். அவற்றில் ஒன்றான லால்ப்ரூ வோஸ் 35 முதல் 40 டிகிரியில்தான் சிறப்பாக வேலை செய்யும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள், நம் ஸ்டோர் ரூம் அதற்குக் குளிர். 28-ல் அது எப்படி, போர்வை சுற்றி 35-ல் எப்படி என்று இரண்டு பக்கம் எழுதி வைத்தால் மூன்றாவது பேட்சுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெல் சேசோன் மாதிரி ஈஸ்ட் பயன்படுத்தினால் பக்கத்தின் மேலேயே சிவப்பில் எழுதுங்கள். அது டயஸ்டாடிகஸ் வகை, மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற நீளமான சர்க்கரையையும் மெதுவாக உடைத்துத் தின்னும். அதைப் போட்ட பக்கெட்டையும் குழாயையும் அடுத்து எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதும் நோட்டில் இருக்க வேண்டும். சரியாகக் கழுவாத குழாய் வழியாக அது அடுத்த பேட்சுக்குப் போனால் பாட்டில் வெடிப்பதற்குக் காரணம் தேடி அலைவீர்கள்.

ஈஸ்ட்டைச் சேகரித்து மறுபடி போடுகிறவர்கள் எத்தனையாவது தலைமுறை, எந்த பேட்சிலிருந்து எடுத்தது என்பதையும் எழுதுங்கள்.

தண்ணீரையும் எழுத வேண்டுமா?

ஒரு வரி. குழாய்த் தண்ணீரா, வடிகட்டியதா, குளோரினை நீக்க கேம்ப்டன் மாத்திரை போட்டீர்களா, ஜிப்சமோ கால்சியம் குளோரைடோ எத்தனை கிராம். குளோரின் அப்படியே இருந்தால் பியரில் மருந்துக்கடை பிளாஸ்டர் வாசம் வரும், அது வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இந்த வரியைப் பாருங்கள். தண்ணீர் விநியோகம் தடைபட்டுத் திரும்பி வந்த நாளில் போட்டிருந்தால் அதையும் குறியுங்கள், அன்றைய தண்ணீர் கலங்கலாக வரும் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாட்டிலில் அடைக்கும் நாளில் எதை எழுத மறக்கக்கூடாது?

மூன்று விஷயம். முதலாவது, எஃப்.ஜி.யை இரண்டு தடவை, மூன்று நாள் இடைவெளியில். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடைப்பது. ஏர்லாக் அமைதியாகிவிட்டது என்பதெல்லாம் சாட்சி ஆகாது. ஒரு கிராவிட்டி புள்ளி (0.001) மிச்சம் இருந்தாலே பாட்டிலுக்குள் அரை வால்யூம் அளவு வாயு கூடும் (ஒரு வால்யூம் என்றால் ஒரு லிட்டர் பியருக்கு ஒரு லிட்டர் வாயு). நாலு புள்ளி மிச்சம் என்றால் கூடுதலாக இரண்டு வால்யூம், வாயுவுக்காக அடைக்கும்போது நீங்கள் போடும் சர்க்கரை வேறு. இந்த ஊர்ச் சூட்டில் கட்டிலுக்கு அடியில் அப்படிப்பட்ட பாட்டிலை வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

இரண்டாவது, உண்மையில் அடைத்த லிட்டர். 20 லிட்டர் பேட்ச் என்று பேசிக்கொண்டாலும் அடியில் சேறு போனது, மாதிரி எடுத்தது எல்லாம் கழித்தால் 18.5 தான் மிஞ்சும். சர்க்கரை அதற்குத்தான்.

மூன்றாவது, நொதித்து முடிந்தபின் பியர் தொட்ட அதிகபட்சச் சூடு. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பியரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயு சூட்டைப் பொறுத்தது: 20 டிகிரியில் 0.86 வால்யூம், 28-30 டிகிரியில் 0.7 தான். சாதாரணச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் போட்டால் ஒரு வால்யூம். பேல் ஏலுக்கு 2.4 வேண்டும் என்றால் மீதி 1.7, அதாவது லிட்டருக்கு 6.8 கிராம், 18.5 லிட்டருக்கு 126 கிராம். தெளியட்டும் என்று இரண்டு நாள் 4 டிகிரியில் வைத்துவிட்டு, கணக்குப்போடும் ஆப்பில் அந்த 4-ஐத் தட்டினால் அது 1.5 வால்யூம் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாதிச் சர்க்கரைதான் சொல்லும். வெளியேறிய வாயு குளிரவைத்ததும் திரும்பி வந்து கரையாது. பியர் கேஸ் போன சோடா மாதிரி இருந்தால் நோட்டில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

சுவையை எப்படி எழுதுவது? எனக்கு அந்த அளவு நாக்கு இல்லை.

இருக்கிறது, சொல் மட்டும் வேறு. புத்தகச் சொற்களை விடுங்கள். "மேரி பிஸ்கட்", "பழுத்த கொய்யா", "குலா மலாக்கா", "லிமாவ் கஸ்தூரித் தோல்", "கருகிய அப்பளம்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் உங்களுக்குப் புரியும், அதுதான் வேண்டும். குறைகளுக்கு மட்டும் நாலைந்து அடையாளம் தெரிந்திருக்கட்டும்: பச்சை ஆப்பிள் என்றால் பெரும்பாலும் அவசரப்பட்டுவிட்டீர்கள், வெண்ணெய் பாப்கார்ன் என்றால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை அல்லது ஏதோ கிருமி, வாழைப்பழமும் தொண்டையில் எரிச்சலும் என்றால் சூடு, நனைந்த அட்டைப்பெட்டி என்றால் காற்று பட்டிருக்கிறது.

அடைத்து ஒரு வாரத்தில், மூன்று வாரத்தில், இரண்டு மாதத்தில் ஒவ்வொன்று திறந்து எழுதுங்கள். முதல் கிளாசிலேயே எழுதுங்கள், நாலாவது கிளாசில் எல்லா பியரும் அருமைதான். பழைய பக்கத்தைப் படித்துவிட்டுச் சுவைக்காதீர்கள், நாக்கு நோட்டு சொன்னதையே சொல்லும்.

இந்த தடவை ஹாப்ஸ், ஈஸ்ட், மேஷ் மூன்றையும் மாற்றினேன், பியர் நன்றாக இருக்கிறது. எது காரணம்?

தெரியாது, இனித் தெரியவும் வழியில்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மாற்றுங்கள்.

வீட்டில் போடுகிறவருக்கு உள்ள நிரந்தரப் பிரச்சினை, பேட்ச் எண்ணிக்கை கொஞ்சம் என்பது. இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டியவர் வில்லியம் சீலி காசெட். 1899-ல் டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார், பார்லியிலும் ஹாப்ஸிலும் ஒருசில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்குப் போட்டு, 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். புள்ளியியல் படித்தவர்கள் கல்லூரியில் மண்டையை உடைத்துக்கொண்ட டி-டெஸ்ட் அங்கிருந்து வந்ததுதான். நம் சுங்கை வேயில் காய்ச்சுகிற அதே கின்னஸ். நமக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரே வோர்ட்டை இரண்டு பக்கெட்டில் பிரித்து, ஈஸ்ட்டை மட்டும் மாற்றிப் போடுங்கள். அப்புறம் நண்பர்களிடம் ஆளுக்கு மூன்று கிளாஸ் கொடுங்கள், இரண்டில் ஒரே பியர், மூன்றாவதில் மற்றது, எது வேறு என்று கேளுங்கள். சும்மா ஊகித்தாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார், அதனால் ஒருவர் சொன்னதை வைத்துக் குதிக்காதீர்கள். ஆனால் யாருமே கண்டுபிடிக்கவில்லை என்றால் விலை கூடிய ஈஸ்ட்டுக்கு இனிக் காசு கொடுக்க வேண்டாம்.

நோட்டா, ஆப்பா?

இரண்டும். ப்ரூஃபாதர், பியர்ஸ்மித் போன்றவை கணக்குக்கு நல்லவை, மால்ட்டையும் ஹாப்ஸ் ஆல்ஃபாவையும் மாற்றினால் உடனே கசப்பு எண் மாறும். ஆனால் காய்ச்சும் நாளில் கை ஈரம், பிசுக்கு, ஆவி. போனைத் தொட மனம் வராது. பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரணப் பயிற்சிப் புத்தகமும் பென்சிலும் போதும், பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பக்கெட்டின் மேல் மறைப்பு நாடா ஒட்டி அதில் மார்க்கரால் தேதி, ஓ.ஜி., ஈஸ்ட் எழுதுங்கள், பக்கெட் காலியானதும் அந்த நாடாவை உரித்து நோட்டில் ஒட்டிவிடலாம். ஆப்பில் வைத்திருப்பதை அவ்வப்போது ஏற்றுமதி செய்து வேறு இடத்தில் வையுங்கள், சந்தா முடிந்த அன்று அழாமல் இருக்கலாம்.

பாட்டிலிலும் எழுத வேண்டுமா? மூடியில் ஒரு எண் போட்டால் போதாதா?

உங்களுக்குப் போதும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போதாது. பிரிட்ஜைத் திறக்கும் முஸ்லிம் நண்பரோ, விடுமுறைக்கு வந்த அக்கா பிள்ளைகளோ ரூட் பியர் என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது. "பியர், 5 சதவீதம்" என்று மலாயிலோ தமிழிலோ பெரிதாக ஒட்டுங்கள். இங்கே மது வாங்கும் வயது 2017 டிசம்பரிலிருந்து 21.

இவ்வளவு எழுதி வைத்தால் சட்டப் பிரச்சினை வராதா?

பிரச்சினை நோட்டில் இல்லை. மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976-ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் வருகிறது, பார்த்துக்கொள்வது சுங்கத் துறை. பானை வாங்கும் முன் உங்கள் நிலைமையை அவர்களிடமே கேட்டுவிடுங்கள், வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். விற்கிற எண்ணம் இருந்தால் அது உரிமத்தோடு செய்கிற முழுத் தொழில், இந்தப் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நடுவில் எழுத மறந்துவிட்டேன். ஞாபகத்திலிருந்து நிரப்பலாமா?

அன்றைக்கே என்றால் நிரப்புங்கள், பக்கத்தில் "சுமார்" என்று போட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 66 என்று ஊகித்து எழுதிய எண்ணும் தெர்மாமீட்டரில் பார்த்த 66-உம் அடுத்த வருடம் ஒரே மாதிரிதான் தெரியும், அதை நம்பி ஒரு மூட்டை மால்ட் வாங்கிவிடுவீர்கள்.